அரைநிழலில் ஜெரேனியம்

குளிர் தாங்கும் ஜெரேனியங்கள், ஜெரேனியம் பேரினத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடிகள். ஊட்டி வீடுகளின் சன்னலோரத் தொட்டிகளில் சிவக்கப் பூப்பது இதுவன்று. அது தென்னாப்பிரிக்கப் பெலர்கோனியம், உறைபனியில் கருகிவிடும். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இரண்டையும் ஒரே பேரினமாக வைத்தார். 1789இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே பிரித்த பிறகும் நாற்றுப் பண்ணைகள் பழைய பெயரை விடவில்லை. நீலகிரியில் தானாக முளைக்கும் ஜெரேனியம் நேபாலென்சே என்ற சிறுசெடிதான் உண்மையான உறவு.

பிரிட்டன் தோட்டங்களில் மரத்தடிக்கும் வெயில் குறைந்த சுவரோரத்துக்கும் முதலில் நினைவுக்கு வரும் செடிகளில் குளிர் தாங்கும் ஜெரேனியமும் ஒன்று. எந்த இனத்தை நடுவது என்பதை நிழலின் அளவைவிட மண்ணின் ஈரமே தீர்மானிக்கிறது. பெருமர வேர்கள் நீரை உறிஞ்சிவிடும் வறண்ட நிழலுக்கு ஜெரேனியம் மாக்ரோரைசம் ஏற்றது. பால்கன் மலைகளிலும் தெற்கு ஆல்ப்ஸிலும் பாறையிடுக்குகளில் வளர்ந்து பழகிய இனம் இது. தடித்த தண்டுகள் தரையோடு படர, நெடியடிக்கும் இலைகள் களை முளைக்க இடம் தராமல் மூடிக்கொள்ளும். 1929இல் வால்டர் இங்வர்சன் மான்டினீக்ரோவில் சேகரித்த வெளிர் இளஞ்சிவப்பு வகை இன்றும் விற்பனையில் உள்ளது. கருஞ்சிவப்புப் பூக்கள் கொண்ட ஃபேயம் ஆழ்ந்த நிழலையும் பொறுக்கும். ஆனால் விதை தெறித்து வேண்டாத இடமெல்லாம் முளைக்கும். ஈரமான மண்ணுக்கு சில்வாட்டிக்கம் பொருந்தும்.

சாமர்செட் தோட்டமொன்றில் கண்டெடுக்கப்பட்ட ‘ரோசான்’ என்ற ஜெரேனியம் வகை, 2013இல் செல்சி மலர்க்காட்சியின் நூற்றாண்டுச் செடியாகத் தேர்வானது. விற்பனைப் பட்டியல்கள் அதை நிழலுக்கும் பரிந்துரைக்கின்றன. செடி பிழைக்கும் என்பது உண்மைதான். மாதக்கணக்கில் பூக்கும் அதன் பெருமை வெயில் விழும் இடத்தில்தான் முழுமையாகத் தெரியும்.

வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ இலைமக்கு கலந்து, ஒன்று முதல் ஒன்றரை அடி இடைவெளியில் நடுவார்கள். வறண்ட நிழலில் முதல் கோடையில் தண்ணீர் தவறக் கூடாது. முதல் பூப்பு முடிந்ததும் ஃபேயம், சில்வாட்டிக்கம் ஆகியவற்றை அடியோடு வெட்டிவிட்டால் சில வாரங்களில் புதுத்தழை எழும். மாக்ரோரைசத்துக்கு அது தேவையில்லை, காய்ந்த பூந்தண்டை அகற்றினால் போதும். பெயரிட்ட கலப்பு வகைகளின் விதை தாய்ச்செடியை ஒத்து வராது என்பதால் தூரைப் பிரித்தே பெருக்குகிறார்கள். மாக்ரோரைசத்தின் வேரில்லாத தண்டுத் துண்டும் பிடித்துக்கொள்ளும். நத்தையும் முயலும் பெரும்பாலும் தொடுவதில்லை. தொட்டியில் வளர்த்தால் வேரைத் தின்னும் கூன்வண்டுப் புழுக்கள் இருக்கின்றனவா என்று மண்ணைக் கிளறிப் பார்ப்பது நல்லது.