பீர் காய்ச்சியவரின் வெப்பமானி

இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவோர் பலர் இன்று ஒரே ஒரு மின்பாத்திரத்தைக் கொண்டு வேலையை முடித்து விடுகிறார்கள். பாத்திரத்தின் அடியில் மின்தடைச் சுருள், பக்கத்தில் தெர்மோஸ்டாட். முளைவிட்டு உலர்ந்த பார்லியை நொறுக்கி, ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். அப்போது பார்லியில் உள்ள நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. வெப்பம் 75 டிகிரியைத் தாண்டினால் நொதிகள் அழியத் தொடங்கும். மிகக் குறைந்தாலோ சர்க்கரை சரிவரக் கிடைக்காது. பிறகு ஹாப் என்னும் கசப்புப் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறிய நீரில் ஈஸ்டை இடுகிறார்கள்.

வெப்பமானி இல்லாத காலத்தில் இந்த 65 டிகிரியை எப்படி அறிந்தார்கள்? விரலை விட்டுப் பார்ப்பார்கள். ஆவி அடங்கி, நீரில் தம் முகம் தெரியும் வரை காத்திருப்பதும் உண்டு! 1758-இல் லண்டனைச் சேர்ந்த மைக்கேல் கோம்ப்ரூன் பீர் தொழிலில் வெப்பமானியின் பயனை விளக்கி ஒரு நூலை வெளியிட்டார். பழைய தொழிலாளர்கள் அதை எளிதில் ஏற்கவில்லை. எனினும் அடுத்த நூற்றாண்டில் வெப்பமானி பீர் ஆலையின் அன்றாடக் கருவியாகி விட்டது.

அத்தகைய ஆலை ஒன்றின் உரிமையாளருடைய மகன்தான் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். மான்செஸ்டர் நகரை ஒட்டிய சால்ஃபோர்டில் 1818-இல் பிறந்தார். சிறுவயதில் ஜான் டால்டனிடம் பாடம் கற்றார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லை. ஆலை வேலைக்கு இடையே கிடைத்த நேரத்தில்தான் ஆய்வு. கண்ணாடிக் குழாயில் சுற்றிய கம்பியை நீரில் அமிழ்த்தி, மின்னோட்டத்தைச் செலுத்தி, நீரின் வெப்பநிலை உயர்வை அளந்தார். ஓட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகிறது. மின்தடைக்கு ஏற்பவும் வெப்பம் கூடுகிறது. 1841-இல் வெளியான இந்த விதியைத்தான் நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம்.

ஆனால் அறிஞர் உலகம் அவரை உடனே நம்பவில்லை. வேலையும் வெப்பமும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்று அவர் கூறியதற்கு ஆதாரம், மிகச் சிறிய வெப்பநிலை உயர்வுகளே. ஒரு ஃபாரன்ஹீட் டிகிரியில் இருநூறில் ஒரு பங்கைக்கூட அளக்க முடியும் என்றார், நம்புவார் யார்? 1847-இல் ஆக்ஸ்ஃபோர்டு கூட்டத்தில் சுருக்கமாகப் பேசும்படி தலைவர் கேட்டுக்கொண்டாராம். கேட்டுக்கொண்டிருந்த இளைஞர் வில்லியம் தாம்சன் (பிற்காலக் கெல்வின் பிரபு) மட்டும் கேள்விகள் எழுப்பியிராவிட்டால், அன்றும் அது கவனிப்பாரற்றுப் போயிருக்கும்.

பேராசிரியர்களுக்கு நம்பமுடியாததாகத் தோன்றிய நுட்பம், நாள்தோறும் வெப்பமானியோடு பழகிய தொழிலில் வளர்ந்தவருக்கு இயல்பாக இருந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன். மான்செஸ்டரின் கருவி வல்லுநர் ஜான் பெஞ்சமின் டான்சர் செய்து தந்த நுண்ணிய வெப்பமானிகளும் கைகொடுத்தன. 1850-இல் அவர் வெளியிட்ட அளவு: ஒரு பவுண்டு நீரை ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி சூடாக்க 772 அடி-பவுண்டு வேலை. இன்றைய மதிப்பு ஏறத்தாழ 778. பிழை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை!

ஆற்றலின் அலகுக்கு இன்று அவர் பெயர்தான். ஒரு லிட்டர் நீரை ஒரு செல்சியஸ் டிகிரி உயர்த்தச் சுமார் 4200 ஜூல் வேண்டும். 20 டிகிரியில் உள்ள 20 லிட்டர் நீரை 65 டிகிரிக்குக் கொண்டுவர 37,80,000 ஜூல். 2000 வாட் சுருள் வினாடிக்கு 2000 ஜூல் தருகிறது. வெளியே வீணாகும் வெப்பத்தை விட்டுவிட்டால், மின்பாத்திரம் சூடாக அரை மணிக்குச் சற்றுக் கூடுதலான நேரம் பிடிக்கும்.