துருவின் சரித்திரம்

சரித்திரம் என்றதும் நமக்கெல்லாம் அரண்மனையும் யானைப் படையும்தான் ஞாபகத்துக்கு வரும். நாவல் எழுதுகிறவனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு கோட்டை மதில், ஒரு சுரங்க வழி, நிலா வெளிச்சத்தில் ஒரு குதிரை, இவ்வளவு கிடைத்துவிட்டால் நாற்பது அத்தியாயங்களுக்கு அவனுக்குக் கவலையில்லை. ஆனால் போன பங்குனியில் எனக்கு வாய்த்த சரித்திர ஆராய்ச்சியில் இவை ஒன்றுமே கிடையாது. திருச்சியில் என் சித்தி வீட்டுக் கொல்லைக் கொட்டகையில், ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கிக்குள் டார்ச் விளக்கை அடித்துக் குனிந்து பார்த்ததில் அது ஆரம்பித்தது.

வண்டி, சித்தப்பாவின் புல்லட். அவர் காலமாகி எட்டு வருஷங்கள் ஆகின்றன. அந்த எட்டு வருஷமும் வெள்ளிக்கிழமை தவறாமல் சித்தி அதைத் துடைத்து வந்திருக்கிறாள். ஆயுத பூஜைக்கு மாலை, சந்தனம், குங்குமம். டாங்கியின் கறுப்பு வர்ணத்தில் முகம் பார்க்கலாம். ஓரங்களில் ஓடும் பொன்னிறக் கோடு நேற்று இழுத்தது போல் இருக்கிறது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் அந்தக் கோடு இல்லை. இரண்டு பக்கமும் முழங்கால் படும் இடத்தில் தேய்ந்து, வர்ணம் மங்கி, அடியிலுள்ள தகரம் லேசாகத் தெரிகிறது. முப்பது வருஷம் சித்தப்பாவின் முழங்கால் அணைத்த இடம் அது.

இப்போது பேரன் காலேஜில் சேர்ந்து வண்டியைக் கேட்கிறான். மெக்கானிக் வந்து மூடியைத் திறந்து பார்த்து, "உள்ளே பூராத் துரு அம்மா. வேறே டாங்கி வாங்கி மாட்டிடலாம்" என்றார். சித்தி ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா, இத்தனை புஸ்தகம் படிக்கிறியே, இந்த டாங்கியைப் பிழைக்க வைக்க ஒரு வழி தெரியாதா உனக்கு? ஆனா, அந்த முழங்கால் இடத்திலே மட்டும் கை வைக்கப்படாது."

இதைவிடக் கடுமையான நிபந்தனையை எந்த ராஜகுமாரியும் சுயம்வரத்தில் விதித்ததாக நான் எழுதியதில்லை.

வெளியில் இவ்வளவு பளபளப்பு. உள்ளே எப்படித் துரு வந்தது? பெட்ரோல் இரும்பை அரிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வாஸ்தவம் அப்படியல்ல. பெட்ரோல் நனைத்துக்கொண்டிருக்கும் வரையில் இரும்புக்கு அது காவல். துருவுக்கு வேண்டியவை இரண்டு: தண்ணீரும் பிராணவாயுவும். டாங்கியின் மூடியில் ஊசி முனையளவு ஒரு துவாரம் உண்டு. காற்று உள்ளே வராவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. அந்தத் துவாரத்தின் வழியாக டாங்கி சுவாசிக்கிறது. பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவுக் குளிரில் ஈரக் காற்று உள்ளே புகும். மார்கழி விடியற்காலையில் பித்தளைச் சொம்பு வேர்க்கிறதல்லவா? அதுபோல் டாங்கியின் கூரை உள்பக்கமாக வேர்க்கும். அந்தத் துளிகள் சுவரோடு வழிந்து, பெட்ரோலைவிடக் கனமானவையாதலால் அடியில் போய்த் தங்கும். போதாக்குறைக்கு, இப்போது பெட்ரோலில் எத்தனாலும் கலக்கிறார்கள். நம் நாட்டில் அதன் பங்கு 2022-ல் நூற்றுக்குப் பத்தை எட்டி, பிறகு இருபதை நோக்கிப் போயிற்று. சாராய வகை எதுவானாலும் தண்ணீரைக் கண்டால் விடாது. இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும்.

ஆகவே, நிறைந்த டாங்கி துருப்பிடிப்பதில்லை. அடிக்கடி ஓடி, அடிக்கடி நிரம்பும் டாங்கியும் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கால்வாசி பெட்ரோலோடு பக்தியாகப் பூட்டி வைத்த டாங்கிதான் உள்ளுக்குள் உதிர்கிறது. சித்தி வெள்ளிக்கிழமைதோறும் வெளியே துடைத்துக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு இரவும் உள்ளே ஒரு துளி இறங்கிக்கொண்டிருந்தது.

டாங்கியின் வடிவமும் இதற்கு உடந்தை. ஆதி காலத்து மோட்டார் சைக்கிள்களில் டாங்கி என்பது சட்டத்தின் இரு குழாய்களுக்கு நடுவே செருகிய தட்டையான பெட்டி. 1920-களின் பிற்பகுதியில்தான், குதிரைக்குச் சேணம் போட்டாற்போல் மேல் குழாயின் மீது கவிழ்ந்து உட்காரும் டாங்கி எங்கும் பரவியது. பார்வைக்கு அழகு, கொள்ளளவும் அதிகம். ஆனால் பொதி சுமக்கும் கழுதையின் முதுகில் இரு பக்கமும் தொங்கும் மூட்டைகளைப் போல் அதற்கு இரண்டு பள்ளங்கள். இறங்கிய தண்ணீர் அந்தப் பள்ளங்களில் குடியேறிவிட்டால் தானாக வெளியே வராது.

இந்த டாங்கியின் பூர்வோத்தரத்தைத் தேடிப் போனபோதுதான் எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ஊசி செய்வதற்குப் பேர் போனது. உலகத்துத் தையற்காரர்கள் கையில் இருந்த ஊசிகளில் பெரும்பாலானவை அந்த வட்டாரத்திலிருந்து போனவை. அங்கே 1851-ல் ஜார்ஜ் டவுன்ஸெண்டு என்பவர் ஓர் ஊசித் தொழிற்சாலை வைத்தார். பிறகு அது சைக்கிள் பாகங்களும் சைக்கிளும் செய்யத் தொடங்கியது. 1890-களில் கைமாறி, என்பீல்டு துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்த பெருமையால் ராயல் என்பீல்டு என்று பெயர் பெற்றது. துப்பாக்கியைப் போலச் செய்த வண்டி என்பதே அவர்கள் விளம்பரம். 1901-ல் முதல் மோட்டார் சைக்கிள்; 1932-ல் 'புல்லட்' என்ற பெயர். ஊசியில் பிறந்து தோட்டாவில் முடிந்த வம்சம்!

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லையைக் காக்க நம் ராணுவத்துக்கு உறுதியான வண்டிகள் வேண்டியிருந்தன. 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவை ஏற்படுத்த, சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் தொழிற்சாலை எழும்பியது. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்து இங்கேயே செய்யலானார்கள். எந்த ஊர் தெரியுமா? திருவொற்றியூர்!

ஒரு ஊசியைக் கண்டு கோடி செல்வத்தைத் துறந்தவர் என்று கதை சொல்லும் பட்டினத்தார், அடங்கிய இடம் திருவொற்றியூர். உலகத்துக்கெல்லாம் ஊசி செய்த ஊரின் தொழிற்சாலை கடல் கடந்து வந்து அவர் சமாதி உள்ள ஊரில் கடை விரித்தது. இதை நான் நாவலில் எழுதியிருந்தால், "ஆசிரியர் வேண்டுமென்றே முடிச்சுப் போடுகிறார்" என்று விமரிசகர்கள் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

பின்னால் நடந்தது இன்னும் விசித்திரம். இங்கிலாந்தில் அந்தத் தொழில் நொடித்தது. 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடியது; 1970-ல் அங்கே எஞ்சியிருந்ததும் நின்றது. தாய்வீட்டில் விளக்கணைந்த பிறகும் திருவொற்றியூரில் அதே புல்லட்டை அதே அச்சில் செய்துகொண்டிருந்தார்கள். டாங்கியின் பொன்னிறக் கோட்டை அணில் ரோமத் தூரிகையால் மூச்சை அடக்கிக் கையாலேயே இழுத்தார்கள். 1977-ல் அந்த வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று! ரெட்டிச் விழுந்ததற்கு வியாபாரக் காரணங்கள் எத்தனையோ உண்டு. அதை நான் துருவோடு முடிச்சுப் போட மாட்டேன். ஆனால் வண்டி பிழைத்ததற்குக் காரணம் ஒன்றுதான். இங்கே ராணுவக்காரரும் போலீஸ்காரரும் பால்காரரும் அதை ஓயாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

சரி, சித்தியின் டாங்கிக்கு வருவோம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கிதான் அபாயம். எரிவது பெட்ரோலின் ஆவி. காலி டாங்கி முழுவதும் அந்த ஆவியும் காற்றும் கலந்து காத்திருக்கும். ஆகையால் கழற்றும் வேலையைத் திறந்த வெளியில் வைத்துக்கொண்டோம். பீடி, அடுப்பு, மின்சாரப் பொறி எதுவும் அருகே இல்லை. பழைய பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டாமல் டின்னில் பிடித்துப் பட்டறைக்கு அனுப்பினோம். சோப்புத் தூளும் வெந்நீரும் விட்டு, வாசனை அடியோடு போகும் வரை நாலு தடவை கழுவினோம். ஓட்டை இருந்து பற்றவைக்க வேண்டியிருந்தால் அது வீட்டு வேலையே அல்ல. நல்லவேளையாக எங்கள் டாங்கி ஒழுகவில்லை.

அடுத்தது உதிரும் துருவை உதிர்ப்பது. டாங்கியைப் பழைய கம்பளியில் சுற்றி, எண்ணி நாற்பது நட்டுகளை உள்ளே போட்டுப் பேரனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, குழந்தையைத் தூளியில் ஆட்டுவது போல் அரைமணி ஆட்டினோம். செங்காவி நிறத்தில் சேறு கொட்டியது. நட்டுகள் முப்பத்தொன்பது வந்தன. நாற்பதாவதை ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தூண்டில் போட்டுப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. 'எண்ணிப் போடு' என்று பெரியவர்கள் சொன்னது பணத்துக்கு மட்டுமல்ல.

ஒட்டிக்கொண்ட துருவுக்கு மூன்று வழிகள் இருந்தன. ஒன்று மின்சாரம். டாங்கியில் சலவைச் சோடாக் கரைசலை நிரப்பி, பாட்டரியின் எதிர்முனையை டாங்கியிலும், நேர்முனையை உள்ளே தொங்கும் இரும்புக் கம்பியிலும் இணைத்தால் துரு தளர்ந்து கழன்றுவிடும். 1834-ல் பாரடே விதி வகுத்த அதே வித்தைதான். ஆனால் கம்பி சுவரில் படக்கூடாது; எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். எங்கள் டாங்கியின் இரண்டு பள்ளங்களிலும் கம்பி படாமல் நிற்க வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டாவது பாஸ்பாரிக் அமிலம். இது துருவைக் கரைப்பதோடு நிற்காமல், இரும்பின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய பாஸ்பேட் படலத்தையும் விட்டுச் செல்லும். இங்கிலாந்தில் காஸ்லெட் என்பவர் 1906-ல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் டில்லி குதுப் மினார் அருகே நிற்கிறதே, ஆயிரத்தறுநூறு வருஷமாக வெயிலையும் மழையையும் தாங்கிய இரும்புத் தூண், அதன் ரகசியத்திலும் பாஸ்பரஸுக்குப் பங்கு உண்டு. அந்தக் காலத்துக் கொல்லர்கள் உருக்கிய இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. அதனால் தூணின் மேல் இறுகப் பிடித்த ஒரு படலம் ஏற்பட்டு உள்ளிருக்கும் இரும்பைக் காக்கிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். டில்லியின் வறண்ட காற்றும் அதற்குத் துணை. படிந்து காக்கும் துருவும் உண்டு, உதிர்ந்து கெடுக்கும் துருவும் உண்டு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மூன்றாவது, கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். புளி போட்டுப் பித்தளை தேய்க்கிற வீட்டில் இதற்கு அதிக விளக்கம் தேவையில்லை. குளியலறை ஆசிட்டை ஊற்றலாம் என்றான் பேரன். அது துருவோடு தகரத்தையும் தின்றுவிடும் என்று தடுத்தேன். துவாரங்களை ரப்பர் தக்கையால் அடைத்து, சுமார் 14 லிட்டர் வெந்நீரில் ஒரு கிலோ எலுமிச்சை உப்பைக் கரைத்து நிரப்பினோம். முழங்கால் இடத்தில் மெழுகு தடவி, பிளாஸ்டிக் தாள் ஒட்டி, அதற்கு மேல் சித்தியே தன் பழைய புடைவைக் கிழிசலைச் சுற்றிக் கட்டினாள். வர்ணத்தின் மேல் ஒரு சொட்டு சிந்தினாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அன்று இரவு அவள் தூங்கினதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வடித்தபோது கஷாய நிறத்தில் வந்தது. உள்ளே பார்த்தால் வெள்ளித் தகரம்! ஆனால் அசந்துவிடக் கூடாத நேரம் அதுதான். காவல் ஏதுமில்லாத அந்தப் பச்சை இரும்பில் சில நிமிஷங்களிலேயே மறுபடி செம்மை படரும். சமையல் சோடாக் கரைசலால் அமிலத்தை முறித்து, கழுவி, தலைமயிர் உலர்த்தும் யந்திரத்தால் வெப்பக் காற்றை ஊதி, ஈரம் அடியோடு போனதும் கொஞ்சம் என்ஜின் எண்ணெயை உள்ளே விட்டு எல்லாப் பக்கமும் புரட்டினோம். டாங்கி நன்றாக ஆறிய பிறகு, வெளியே எடுத்துப் போய்க் கழுத்து வரை பெட்ரோல் நிரப்பினோம். எஞ்சிய தூசு கார்ப்புரேட்டருக்குப் போகாமலிருக்கக் குழாயின் நடுவே ஒரு வடிகட்டி வைத்தோம்.

புடைவைக் கிழிசலை அவிழ்த்தது சித்தி. முழங்கால் இடம் அப்படியே இருந்தது. விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

ஏழாவது உதையில் வண்டி பேசியது. அந்த 'டும் டும்' சத்தம் எட்டு வருஷங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்டபோது, எதிர் வீட்டுக் கிழவர்கூடத் திண்ணையை விட்டு எழுந்து வந்தார். பேரன் ஏறி உட்கார்ந்தான். அவன் தாத்தாவைவிட உயரம். முழங்கால் பழைய இடத்துக்கு ஓர் அங்குலம் மேலே பட்டது. அங்கே பொன்னிறக் கோடு இன்னும் முழுசாக இருந்தது. சித்தியும் அதைப் பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும்.

"வெள்ளிக்கிழமை துடைக்கிறதுக்கு இனிமே வண்டி வீட்டிலே இருக்குமோடா?" என்று கேட்டாள்.

"சந்தேகந்தான், சித்தி. காலேஜிலே நிற்கும்."

கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள். வண்டி தெருமுனையைத் தாண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் பதில் வந்தது.

"தேய்ஞ்சா தேயட்டும். டாங்கியை மட்டும் காலியா வைக்காம இருக்கச் சொல்லு அவனை."