பஞ்சப்படியின் வரலாறு

தமிழில் ‘படி’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. அரிசியும் பருப்பும் அளக்கும் அளவைக்குப் படி என்று பெயர். சம்பளத்துக்கு மேல் இன்ன காரணத்துக்காக என்று கொடுக்கப்படும் தொகைக்கும் படி என்றே பெயர். இவ்விரண்டு பொருளும் ஒன்றுகூடிய சொல் ஒன்று உண்டு. அதுவே பஞ்சப்படி. கடையிலே தானியத்தின் விலை ஏறும்போது, வீட்டிலே அளக்கும் படி குறையாதிருக்கும் பொருட்டுச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுப்பது அது. இந்நாளில் அதனை அகவிலைப்படி என்று எழுதுகிறோம். அகவிலை என்பது தானிய விலையைக் குறிக்கும் பழஞ்சொல். பழைய பெயரில் பஞ்சம் வெளிப்படையாக நின்றது; புதிய பெயரில் அது சற்றே மறைந்து நிற்கிறது. பெயர் மாறினும் பொருள் மாறவில்லை.

தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பல, மாதச் சம்பளத்தை நம்பி ஊரை விட்டு வந்தவை. பின்னே நிலமும் இல்லை, களத்திலிருந்து வரும் நெல்லும் இல்லை. ஆகவே, விலைவாசி ஏறிய காலங்களில் அக்குடும்பங்களைத் தாங்கிய தூண்களுள் இந்தப் படி முக்கியமானது. இது எங்ஙனம் பிறந்தது, யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமற்போயிற்று என்பதை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

விலைக்கும் கூலிக்கும் உள்ள உறவை அரசாங்கம் கணக்கிட்டுப் பார்க்க நேர்ந்தது பஞ்ச காலத்திலேதான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு என்ன கூலி கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. 1877ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாக வந்த ஸர் ரிச்சர்டு டெம்பிள், வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று முடிவு கட்டினார். மாகாணச் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் அதனை வன்மையாக எதிர்த்தார். அவ்வளவு உணவைக் கொண்டு மண் சுமக்கும் உடல் தாங்காது என்பது அவருடைய வாதம். சில மாதங்களில் அந்தக் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டவர் பலர். பின்னர் எழுந்த பஞ்ச விதிகளில், நிவாரணக் கூலி தானிய விலையைத் தொடர்ந்து மாறவேண்டும் என்ற நெறி இடம் பெற்றது. அரசாங்கத்தின் கடைநிலைச் சிப்பந்திகளுக்கும் தானிய விலை ஒரு வரம்பைத் தாண்டும்போது சிறு தொகை ஈடாகக் கொடுக்கும் வழக்கம் இருந்துவந்தது. பஞ்சப்படியின் வித்து இதுவே.

அந்த வித்து தொழிலாளர் உரிமையாக முளைத்தது முதல் உலக யுத்தத்தின் இறுதியில். 1917இல் ஆமதாபாத் நகரில் பிளேக் நோய் பரவியபோது, நெசவாலைத் தொழிலாளர் ஊரை விட்டு ஓடிவிடாதிருக்க முதலாளிகள் மிகுதியான போனஸ் கொடுத்தனர். நோய் தணிந்ததும் அதனை நிறுத்த முற்பட்டனர். ஆனால் யுத்தத்தால் ஏறிய விலை தணியவில்லை. தொழிலாளர் 50 சதவிகிதம் உயர்வு கேட்டனர். முதலாளிகள் 20 சதவிகிதத்துக்கு மேல் இசையவில்லை. காந்தியடிகள் வாழ்க்கைச் செலவை ஆராய்ந்து 35 சதவிகிதமே நியாயம் என்று கூறினார். 1918 பிப்ரவரி 22ஆம் தேதி ஆலைகளின் கதவு அடைக்கப்பட்டது. மார்ச்சு 15ஆம் தேதி அடிகள் உண்ணாவிரதம் மேற்கொண்டார். மூன்றாம் நாள் சமரசம் ஏற்பட்டது. நடுவராக அமர்ந்த ஆனந்தசங்கர் துருவா பின்னர் அளித்த தீர்ப்பும் 35 சதவிகிதமே. எவ்வளவு கேட்கலாம் என்பதை ஆசையைக் கொண்டு அளவாமல், அரிசி, கோதுமை, துணி ஆகியவற்றின் விலையைக் கொண்டு அளந்ததே அந்தப் போராட்டத்தின் சிறப்பு.

அதே 1918இல் சென்னையில் திரு.வி.க., பி.பி. வாடியா முதலியோர் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினர். அவ்வாண்டு செப்டம்பரில் விலைக்கொடுமை தாங்காத மக்கள் சென்னை நகரில் தானியக் கடைகளைச் சூறையாடினர். சங்கம் வைத்துக் கேட்பது ஒரு வழி. கடையை உடைப்பது மற்றொரு வழி. முதல் வழி அடைபட்டிருக்கும் இடத்தில் இரண்டாவது வழி திறக்கும் என்பதை அவ்வாண்டு காட்டிற்று.

1930ஐ ஒட்டிய உலகப் பொருளாதார மந்தம் வேறு விதமானது. அப்பொழுது விலை ஏறவில்லை, சரிந்தது. சம்பளக்காரருக்கு அது நன்மைபோலத் தோன்றியது. எனினும் 1931இல் அரசாங்கம் தன் ஊழியர் சம்பளத்தில் 10 சதவிகிதத்தை வெட்டியது. விளைபொருளை விற்று வரியும் வட்டியும் கட்டவேண்டிய குடியானவன் நிலைமையோ இன்னும் மோசம். வீட்டிலிருந்த தாலிப் பொன்னும் காப்பும் கடைவீதிக்கு வந்தன. அங்கிருந்து கப்பலேறி வெளிநாடு சென்றன. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் உழைத்துவந்த தமிழ்த் தொழிலாளர் பலர் வேலையிழந்து ஊர் திரும்பினர். விலை ஏறினாலும் இறங்கினாலும் அடிபடுபவன், கையில் பேரம் பேசும் வலிமை இல்லாதவனே.

இந்த உண்மை மிகக் கொடிய உருவில் வெளிப்பட்டது இரண்டாவது உலக யுத்தத்தில். 1939க்கும் 1943க்கும் இடையில் மொத்த விலைகள் இரு மடங்குக்கு மேல் ஏறின. ரயில்வே ஊழியரின் பஞ்சப்படி பற்றி ஆராய நீதிபதி பி.என். ராவ் தலைமையில் விசாரணை மன்றம் அமைந்தது. பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கும் படி கிடைத்தது. 1943இல் பம்பாயில் ரேஷன் முறை தொடங்கிற்று. அதே ஆண்டில் வங்காளத்தில் நிகழ்ந்தது என்ன? 1942இல் பர்மா எதிரியின் வசமானபின் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. விலை கட்டுமீறி ஏறியது. கல்கத்தாவின் பெரிய தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்கு முதலாளிகளின் மூலம் குறைந்த விலையில் அரிசி கிடைத்தது. கிராமத்து விவசாயக் கூலிக்கும், மீன் பிடிப்பவனுக்கும், கூடை முடைபவனுக்கும் படியும் இல்லை, ரேஷனும் இல்லை. மாண்டவர் தொகை 30 லட்சம் அளவில் இருக்கும் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் மதிப்பு. கல்கத்தாவில் முறையான ரேஷன் தொடங்கியது 1944 ஜனவரி இறுதியில். அதற்குள் பஞ்சம் தன் வேலையை முடித்துவிட்டிருந்தது.

சுதந்திரம் வரும் தறுவாயில், சென்னையைச் சேர்ந்த சட்ட மேதை ஸர் ஸ்ரீநிவாச வரதாச்சாரியார் தலைமையில் முதல் சம்பளக் கமிஷன் தன் அறிக்கையை அளித்தது. மத்திய அரசின் கடைநிலை ஊழியனுக்கு அடிப்படைச் சம்பளம் 30 ரூபாய், பஞ்சப்படி 25 ரூபாய், ஆக 55 ரூபாய் என்று 1947இல் அது வகுத்தது. வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண்ணோடு படியைப் பிணைக்க வேண்டும் என்பதும் அதன் கருத்து.

அந்தக் குறியீட்டெண் என்பது யாது? ஒரு குடும்பம் மாதந்தோறும் வாங்கும் பண்டங்களைக் கற்பனையாக ஒரு கூடையில் இட்டு, அந்தக் கூடையின் விலை இன்ன ஆண்டில் 100 என்றால் இன்று எவ்வளவு என்று கணக்கிடுவது. 1957இல் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாடு அந்தக் கூடையில் குறைந்தது என்ன இருக்கவேண்டும் என்பதையே வரையறுத்தது. வளர்ந்த ஓர் ஆளுக்கு 2,700 கலோரி உணவு, ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 18 கெஜம் துணி, எளிய வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு 20 சதவிகிதம் என்பது அதன் கணக்கு. 1959இல் இரண்டாவது சம்பளக் கமிஷன் இக்கணக்கை ஏற்கவில்லை; குறைந்த ஊதியம் 80 ரூபாய் என்றது. 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தனர். கைதானவர் பலர், கேட்டது அப்போது கிடைக்கவில்லை.

தொழில் மந்தமும் விலையேற்றமும் ஒருங்கே வந்து தாக்கிய காலம் 1965க்குப் பிந்திய ஆண்டுகள். 1964-65இல் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைவு, மழை பொய்த்ததால் மறு ஆண்டில் 7.2 கோடி டன்னாகக் குறைந்தது. 1966 ஜூன் 6ஆம் தேதி ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. 4 ரூபாய் 76 காசாக இருந்த அமெரிக்க டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று. ஐந்தாண்டுத் திட்டம் மூன்றாண்டு தள்ளிப்போடப்பட்டது. ரயில்வே வாகன் கேட்பு குறையவே, கல்கத்தாவையும் ஹவுராவையும் சார்ந்த பொறியியல் ஆலைகளில் வேலை சுருங்கியது. விலை ஏறுகிறது, வேலை குறைகிறது; படி யாரைக் காக்கும்? வேலையில் நீடிப்பவனை மட்டுமே.

ஆகையால் அக்காலத்தில் மற்றொரு வழியும் தேடப்பட்டது. சம்பளத்தில் படியை ஏற்றுவதோடு, கடையில் படியின் விலையைக் கட்டுப்படுத்துவது அது. உணவுக் கழகம் 1965இல் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. தில்லி கன்னாட் பிளேஸில் 1966இல் கூட்டுறவு முறையில் சூப்பர் பஜார் திறக்கப்பட்டது. ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்னும் திட்டம் 1967இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. கூட்டுறவுப் பண்டகசாலை தமிழருக்குப் புதிதன்று. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இலேயே தோன்றிவிட்டது. இவற்றுள் சில நிலைத்தன, சில நிலைக்கவில்லை; சூப்பர் பஜார் பின்னாளில் நஷ்டத்தில் மூழ்கி மூடப்பட்டது. அங்கத்தினர் கண்காணிக்காத கூட்டுறவு நெடுநாள் வாழாது.

1974-75இல் மொத்த விலைகள் 25 சதவிகிதம் ஏறின. பம்பாயில் அவ்வாண்டுகளில் மிருணாள் கோரே, அகல்யா ரங்கணேகர் முதலிய தலைவிகளின் பின்னே இல்லத்தரசிகள் அப்பளக் குழவியும் தட்டும் ஏந்தி வீதிக்கு வந்தனர். அரசாங்கமோ 1974இல், பணப்புழக்கத்தைக் குறைக்கும் பொருட்டு, ஊழியருக்கு உயரும் பஞ்சப்படியில் பாதியைக் கட்டாய வைப்பாகப் பிடித்து வைக்கச் சட்டம் செய்தது. அண்மையில் 2020இல், கொள்ளைநோயால் நாட்டின் பொருளாதாரம் சுருங்கியபோதும், மத்திய அரசு மூன்று தவணை அகவிலைப்படியை நிறுத்தியது; 2021 ஜூலையில் 17 சதவிகிதத்திலிருந்து 28 சதவிகிதமாக உயர்த்திக் கொடுத்தது. இடைப்பட்ட காலத்து நிலுவை வழங்கப்படவில்லை. படி உரிமையாக வளர்ந்ததெனினும், நெருக்கடியில் முதலில் கை வைக்கப்படுவதும் அதன்மீதுதான்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடங்கள் தெளிவானவை. முதலாவது, படி எப்பொழுதும் விலைக்குப் பின்னாலேயே வரும். விலை இன்று ஏறும். கணக்கு எடுக்கப்பட்டு, ஆணை பிறந்து, கைக்குப் பணம் வரச் சில மாதம் ஆகும். அந்த இடைவெளியைக் கடக்கச் சிறு சேமிப்பு வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் சீட்டுக் கட்டியும் அஞ்சறைப் பெட்டியில் முடிந்து வைத்தும் செய்துவந்தது இதுவே. இரண்டாவது, குறியீட்டெண்ணின் கூடை சராசரிக் கூடையேயன்றி நம் கூடை அன்று. கோதுமை உண்ணும் ஊரில் அரிசியும் காப்பிக்கொட்டையும் நல்லெண்ணெயும் தேடி வாங்கும் குடும்பத்துக்கு ஏறும் செலவு அந்த எண்ணுக்கு அடங்காது. தன் கூடைக்குத் தானே கணக்கு எழுதும் குடும்பமே விலைவாசியை உண்மையில் அறியும்.

மூன்றாவதே முதன்மையானது. 1943இல் படி பெற்றவன் பிழைத்தான், பெறாதவன் மடிந்தான். இன்றும் படி பெறுவோர் சிலர், பெறாதோர் பலர். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948இலேயே வந்தது. ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது; உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பயன் பெறும் அட்டைதாரர், கூலிக்கு வந்த மாநிலத்திலேயே தம் தானியத்தை வாங்க இதனால் வழி உண்டு. வடநாட்டு நகரங்களில் உழைக்கும் தமிழ்த் தொழிலாளர் பலருக்கு இச்செய்தி எட்டியதா என்று விசாரித்துச் சொல்வது தமிழ்ச் சங்கங்கள் செய்யத்தக்க நற்பணி.

சட்டம் எட்டாத இடம் ஒன்று நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பாத்திரம் துலக்க வருபவளும், துணி தேய்த்துத் தருபவனும், மாடிக்குக் காய்கறி சுமந்து வருபவனும் நாம் வாங்கும் அதே கடையில் அதே விலைக்குத்தான் வாங்குகிறார்கள். ஆண்டுக்கு இருமுறை நமக்குப் படி உயரும்போது அவர்கள் கூலியும் உயருகிறதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆமதாபாத்தில் அன்று அளந்த நியாயத்தின் அளவுகோல் நம் கையிலும் இருக்கிறது. அதனை நமக்காக மட்டும் எடுக்காமல், நம்மிடம் உழைப்பவருக்காகவும் எடுத்து அளப்போமாக.