ரிமோட் ஹெலிகாப்டர்: பூட்டும்போதே கவனம் தேவை

கடையில் வாங்கும் பொம்மை வேறு. பாகங்களை வாங்கி நாமே பூட்டும் ரிமோட் ஹெலிகாப்டர் வேறு. 70 செ.மீ. விட்டமுள்ள இறக்கை நிமிடத்திற்கு 2500 முறை சுழன்றால், அதன் நுனி மணிக்குச் சுமார் 330 கி.மீ. வேகத்தில் போகிறது. 2013-ல் நியூயார்க் பூங்கா ஒன்றில் 19 வயது இளைஞர், தான் பறக்கவிட்ட ஹெலிகாப்டரே தாக்கி உயிரிழந்தார்.

பறக்கும்போது எல்லோரும் தள்ளித்தான் நிற்கிறோம். மேசையில் வைத்துச் சரிபார்க்கும்போதுதான் பிள்ளையின் முகம் இறக்கைக்கு மிக அருகில் இருக்கிறது. எனவே வேலை முடியும்வரை இறக்கைகளைக் கழற்றியே வையுங்கள். மோட்டார் வயரையும் பிரித்துவிடுங்கள். உலோகத்தில் இறங்கும் திருகுகளுக்குத் திருகுப் பசை ஒரு சொட்டு விட வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வில் கழன்றுவிடும்.

மைதானத்தில், முதலில் ரிமோட்டைப் போட்டு, பிறகே ஹெலிகாப்டரில் பேட்டரியை இணைக்க வேண்டும். இறங்கியதும் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் ரிமோட்டை அணைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் மோட்டார் தானாகச் சுழலக்கூடும். அருகில் போகுமுன் மோட்டாரை நிறுத்தும் 'த்ராட்டில் ஹோல்ட்' சுவிட்சைப் போட்டுவிடுவது நல்லது.

நாம் அதிகம் அஞ்சுவது வீட்டிலுள்ள லித்தியம் பாலிமர் பேட்டரியைத்தான். உப்பிய பேட்டரிக்குச் சார்ஜ் போடவே கூடாது. நல்ல பேட்டரியானாலும், சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.