தனியன் யாருக்குத் தனியன்?

சிறுகதை தனியர்களின் வடிவம் என்று நம் கூட்டங்களில் அடிக்கடி சொல்கிறார்கள். அயர்லாந்து எழுத்தாளர் ஃபிராங்க் ஓ'கானர் 1963இல் வெளியிட்ட 'தனிமைக் குரல்' என்ற விமர்சன நூலின் வழியாகப் பரவிய கருத்து இது. நாவலுக்கு ஒரு சமூகம் வேண்டும், சிறுகதைக்கு அதன் ஓரத்தில் அலைகிற ஒருவன் போதும் என்று நாம் இதைச் சுருக்கிவைத்திருக்கிறோம். ஓ'கானரோ இன்னொன்றும் சொன்னார். கோகோலின் குமாஸ்தாக்கள், துர்கனேவின் பண்ணையடிமைகள், மாப்பசானின் விலைமாதர் என்று அவர் எண்ணிக் காட்டியவை அமுங்கிக் கிடந்த மக்கள் கூட்டங்கள். அதாவது தனிமையும் கூட்டம் கூட்டமாகத்தான் பங்கிடப்படுகிறது. இந்தப் பாதியை நாம் வசதியாக மறந்துவிட்டோம்.

நம் சிறுபத்திரிகை விவாதங்களில் இந்தத் தனியனை இரண்டு தரப்பும் பாடாய்ப்படுத்தியிருக்கின்றன. முற்போக்கு விமர்சனம் அவனை 'நசிவு இலக்கிய'த்தின் பிள்ளை என்று ஒதுக்கியது. போராடாத, யாரோடும் சேராத, தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிற ஆளால் யாருக்கு என்ன பிரயோசனம் என்றார்கள். எதிர்த்தரப்போ அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. மனித இருப்பின் ஆதித் தனிமை அவனிடம் வெளிப்படுவதாகச் சொன்னது. சண்டை பலமாகத்தான் நடந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் இரு தரப்புக்கும் ஒற்றுமை: தனிமை அந்த ஆளின் உள்ளே இருக்கிறது என்று இருவருமே நம்பினார்கள். யார் கண்ணுக்கு அவன் விநோதமாகத் தெரிகிறான், அந்தக் கண் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நம் சிறுகதை வரலாற்றின் சில இடங்களைத் தொட்டுப் பார்க்கிறேன்.

1937ஐ எடுத்துக்கொள்வோம். புதுமைப்பித்தனின் 'மனித யந்திர'மும் மௌனியின் 'அழியாச்சுட'ரும் அந்த ஆண்டில் 'மணிக்கொடி'யில் வந்தன. முதல் கதையின் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கடைக் கணக்குப்பிள்ளை. ஆயுசெல்லாம் அடுத்தவன் பணத்தை எழுதிக் கூட்டிய கை. ஒரு ராத்திரி கல்லாப் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்; தூத்துக்குடி, அங்கிருந்து கொழும்பு என்று திட்டம். ரயில் வரை போனவர், பயம் பிடித்துத் திரும்பி வந்து, பணத்தைப் பழையபடி வைத்துவிட்டு, செலவான சில்லறையைத் தன் பற்றில் எழுதுகிறார். தெருவில் யாரும் அவரைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவருடைய தனிமைக்குப் பேரேடுதான் சாட்சி. நெல்லைச் சீமையிலிருந்து கொழும்புக்குப் போய்ப் பணத்தோடு திரும்பியவர்களைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் அது. பிள்ளையின் கனவுகூட அவருடைய சொந்தக் கனவு இல்லை, ஊர்க் கனவு.

மௌனியின் ஆள் வேறு தினுசு. அறைக்குள் ஜன்னலுக்கு எதிரே, பட்ட மரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். என்றோ கோயிலில் கண்ட ஒரு பெண்ணை, பல ஆண்டு கழித்து அதே கோயிலில் மறுபடி கண்டது. அவன் வாழ்க்கையில் நடந்தது இவ்வளவுதான். இந்தக் கதையின் மொழி இன்றைக்கும் என்னை அசைக்கிறது, மறைக்கப்போவதில்லை. ஆனால் சந்நிதியின் அரையிருட்டில் நின்று ஒருவன் தன் தனிமையைக் கண்டுகொள்ள வேண்டுமானால் முதலில் அவனை உள்ளே விட்டிருக்க வேண்டுமே! மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாதய்யர் தலைமையில் தலித்துகள் நுழைந்தது 1939 ஜூலை 8இல், கதை வந்து இரண்டு ஆண்டுக்குப் பிறகு. சென்னை மாகாணக் கோயில் நுழைவு அதிகாரமளிப்புச் சட்டம் 1947இல்தான் வந்தது. கதையில் இதெல்லாம் இல்லையே என்று மௌனியைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. அந்தக் கோயிலின் அமைதியில் அடைத்த கதவுகளுக்கும் பங்குண்டு என்று வாசிக்கிறேன். ஒருவனுக்கு அந்தத் தனிமை வாய்க்க, பலர் வெளியே நிற்க வேண்டியிருந்தது. வெளியே நின்றவர்கள் தங்கள் கதையைத் தாங்களே பரவலாக எழுத இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

இடையில் அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' முக்கியமான திருப்பம். சினிமா ஸ்டுடியோ ஆபீஸுக்கு வேலை கேட்டு வருகிறான் டகர்பாயிட் காதர். பேரே சிரிப்பு மூட்டுகிறது. புலி வேஷம்தான் அவனுக்குத் தெரிந்த தொழில். திடீரென்று புலித்தலையை மாட்டிக்கொண்டு அந்த அறைக்குள் புலியாகவே மாறிவிடுகிறான், பார்த்தவர்கள் உறைந்துபோகிறார்கள். வேஷம் கலைந்ததும் பழையபடி கெஞ்சுகிறான். பிறகொரு நாள் வாய்ப்பு வந்து கடிதம் போட்டால், கடிதம் திரும்பி வருகிறது. எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் இதைப் படித்தபோது தொழிற்சங்கத் தோழர் ஒருவர் கேட்டார்: “ஏம்ப்பா, இவனுக்கு ஒரு சங்கம் இருந்திருந்தா இந்தக் கதையே இல்லையே?” எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து ஒதுக்குகிற கேள்வியா அது? 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்த அசோகமித்திரன், கதையை நாற்காலியில் உட்கார்ந்திருந்த 'நாங்க'ளின் பக்கமிருந்து சொல்கிறார். காதர் எங்கே போனான் என்று அந்த 'நாங்க'ளுக்குத் தெரியாது. கதை அந்த அறியாமையைப் பூசி மெழுகாமல் அப்படியே விட்டுவிடுகிறது. ஒரு கலைஞனின் விநோதம் என்று நாம் ரசித்த இடத்தில் கிடப்பது ஒரு தொழிலாளியின் தொலைந்துபோன விலாசம்.

ஜி. நாகராஜனின் 'டெர்லின் ஷர்ட்டும் எட்டு முழ வேட்டியும் அணிந்த மனிதர்' இதையே தலைகீழாக்குகிறது. பாலியல் தொழிலில் இருக்கும் ஒருத்தி சாக நினைக்கிற நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் வந்துபோகிறார். விசாரித்தால், அப்படி ஒருவர் வரவேயில்லை என்கிறார்கள். ஓயாமல் ஆள் வந்துபோகிற வீட்டில், தன்னை ஒரு மனுஷியாகப் பார்த்த ஒரே ஆளுக்குச் சாட்சி இல்லை.

1990களில் பார்வை இடம் மாறியது. பாமாவின் 'கிசும்புக்காரன்' தொகுப்பு 1996இல் வந்தது. அதில் வரும் பொன்னுத்தாயி, அடிக்கிற புருஷனை விட்டு வந்து, தாலியை விற்றுச் சின்னதாக ஒரு கடை போடுகிறாள். ஊர் கண்ணுக்கு அவள் 'ஒரு மாதிரியான பொம்பளை'. தனியாகத்தான் இருக்கிறாள். ஆனால் இந்தத் தனிமை அவள் விலை கொடுத்து வாங்கியது. அதற்காக யாருடைய பரிதாபத்தையும் கேட்கவில்லை. கதை சொல்லும் மொழியும் அந்தத் தெருவின் மொழி. வெளியிலிருந்து வந்து அவளை வேடிக்கை பார்க்க ஒரு கண்ணுக்கு அங்கே இடம் இல்லை.

அம்பையின் 'காட்டில் ஒரு மான்' (2000) இன்னும் ஓர் அடி போகிறது. தங்கம் அத்தை 'பெரியவள் ஆகாத'வள். சடங்கும் பிள்ளைப்பேறும் கொண்டு பெண்ணை அளக்கிற குடும்பத்தில், அந்த அளவுகோலுக்குள் வராத உடம்பு அவளுடையது. அவள்தான் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறவள். வழி தவறி வேறு காட்டுக்கு வந்துவிட்ட மான் ஒன்று, பயந்து பயந்து, மெல்ல அந்தக் காட்டைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் கதை. 1937இல் கதையின் பொருளாக இருந்த தனியர் இங்கே கதைசொல்லி ஆகிவிட்டார். இந்த மாற்றத்தை உத்தி என்று மட்டும் பார்க்க முடியாது. யாருக்குப் பேசும் உரிமை என்கிற அரசியல் இது.

இன்றைய கதைகளில் விநோதர்களுக்குப் பஞ்சமில்லை. பழைய பொருள் சேர்க்கிறவர், மாடி அறையில் பூனையோடு பேசுகிறவர், பாதி ராத்திரி தெருவெல்லாம் நடக்கிறவர். இவர்களைப் படிக்கும்போது எனக்குச் சில்லறைத்தனமான சந்தேகங்கள் வருகின்றன. அந்த மாடி அறை எந்தத் தெருவில்? வாடகைக்குக் கேட்டபோது வீட்டுக்காரர் சாதி விசாரிக்கவில்லையா? தனியாக இருக்கிற பெண்ணுக்கு, ஒரு திருநங்கைக்கு, ஒரு முஸ்லிமுக்கு அந்தச் சாவி கிடைத்திருக்குமா? இதையெல்லாம் கதைக்குள் விளக்கச் சொல்லவில்லை. எழுதுகிறவருக்குத் தெரிந்திருந்தால் போதும், பாத்திரம் நிற்கிற தரை மாறிவிடும்.

இயக்கத் தோழர்களுக்கும் ஒன்று. கடைசிப் பாராவில் தனியனை ஊர்வலத்தில் சேர்த்துவிடச் சொல்லாதீர்கள். சேராமல் நிற்பதிலும் ஒரு தகவல் இருக்கிறது: நாம் கட்டிய கூட்டங்களில் யாருக்கு இடம் இல்லாமல் போனது என்கிற தகவல். காதருக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்ததோடு கதையின் வேலை முடிந்தது. அந்த விலாசத்தைத் தேடிப் போகிற வேலை நம்முடையது.