டூர் புரோகிராம் போட்டுக் கொடுத்த தச்சர்

வெளிநாட்டு நகரம் ஒன்றுக்கு நாலு நாள் போய்வர வேண்டும் என்றால் பாஸ்போர்ட், விசா, பணம் இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். "முதல் நாள் காலை மியூசியம், மாலை ஆற்றில் படகு, இரண்டாம் நாள்..." என்று எழுதிய ஒரு தாள். டூர் புரோகிராம். இந்தத் தாளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் பாதி ரயில், மீதி வியாபாரம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக்களின் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் பாரிஸ், வெனிஸ், ரோம் என்று கிளம்புவார்கள். கூடவே ஒரு வாத்தியார், வேலைக்காரர்கள். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் சுற்றுவார்கள். ரோமில் இன்று பார்க்க முடியாததை அடுத்த மாதம் பார்த்துக் கொள்ளலாம். அப்பா பணம் அனுப்பிக் கொண்டே இருப்பார். இவர்களுக்கு புரோகிராம் எதற்கு? நாள் கணக்குப் போட்டு ஊர் பார்க்க வேண்டிய தேவை, நாட்கள் குறைவாக இருக்கிறவனுக்குத்தான். அதாவது சம்பளத்துக்கு வேலை செய்கிறவனுக்கு.

அவனை வெளிநாட்டுக்கு அழைத்துப் போனவர்களில் முக்கியமானவர் தாமஸ் குக். 1808-ல் டெர்பிஷயரில் பிறந்தவர். மரச்சாமான் செய்யும் தச்சர், பாப்டிஸ்ட் பிரசங்கி, மதுவிலக்குக்காரர். 1841 ஜூலை 5 அன்று சுமார் 500 பேரை லெஸ்டரில் இருந்து லஃபரோவுக்கு தனி ரயிலில் கூட்டிப் போனார். போனது மதுவிலக்குக் கூட்டத்துக்கு. தூரம் பத்துப் பன்னிரண்டு மைல், கட்டணம் ஒரு ஷில்லிங். உலகத்தின் பெரிய டூர் கம்பெனிகளில் ஒன்று ஆரம்பித்த விதம் இதுதான். சாராயக்கடைக்குப் போகாமல் தடுக்க ஒரு நாள் பிக்னிக்!

1845-ல் லிவர்பூலுக்கு லாப நோக்கோடு ஒரு பயணம் நடத்தினார். இங்கே கவனிக்க வேண்டியது, அவர் முன்கூட்டியே அந்த வழியில் போய்ப் பார்த்து, பயணிகளுக்கு ஒரு சிறு கையேடும் அச்சடித்துக் கொடுத்தார் என்பது. எந்த இடத்தில் என்ன பார்ப்பது என்பதை பயணி யோசிக்க வேண்டாம், குக் யோசித்து விட்டார்.

கையேடு அவர் கண்டுபிடிப்பு அல்ல. லண்டனில் ஜான் மர்ரே 1836-லேயே ஐரோப்பியப் பயணிகளுக்கு ஒரு கையேடு போட்டுவிட்டார். ஜெர்மனியின் கோப்லென்ஸில் கார்ல் பெடேக்கர் இன்னும் ஒரு படி மேலே போய், முக்கியமான இடங்களுக்கு நட்சத்திரக் குறி போட ஆரம்பித்தார். இரண்டு நாளில் ஊரைப் பார்த்து முடிக்க வேண்டியவனுக்கு இது வரப்பிரசாதம். நட்சத்திரம் இருந்தால் போ, இல்லாவிட்டால் தாண்டிப் போ. பெடேக்கர் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மிலான் பேராலயத்தின் கூரைக்கு ஏறும்போது இத்தனை படிக்கு ஒன்று என்று பட்டாணியைப் ஒரு பையில் இருந்து இன்னொரு பைக்கு மாற்றிக் கொண்டே போனாராம், படி எண்ணிக்கை தப்பாகாமல் இருக்க. ஆடிட்டர் ஆகியிருக்க வேண்டிய மனிதர்.

சரி, குக் கதைக்குத் திரும்பலாம். 1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் மாபெரும் கண்காட்சி நடந்தது. குக்கும் அவருடைய 17 வயது மகன் ஜான் மேசனும் தொழிற்சாலை வாசல்களில் நின்று ஆள் சேர்த்தார்கள். தொழிலாளர்கள் வாராவாரம் கொஞ்சம் கட்டி டிக்கெட் வாங்க சேமிப்புச் சங்கங்கள் நடந்தன (நம்மூர் தீபாவளிச் சீட்டு மாதிரி). ரயில் கம்பெனிகளுக்குள் போட்டி முற்றி, 15 ஷில்லிங் கட்டணம் 5 ஷில்லிங் வரை இறங்கியது. அந்த ஆண்டு குக் லண்டனுக்கு அழைத்துப் போனவர்கள் சுமார் 1,50,000 பேர். அவர்களில் பலர் அதற்கு முன் லண்டனையே பார்த்ததில்லை.

1855-ல் பாரிஸில் கண்காட்சி. குக் நேராக கலே வழியாகப் போக நினைத்தார். கால்வாய்ப் போக்குவரத்தைக் கையில் வைத்திருந்த கம்பெனிகள் அவருக்குத் தள்ளுபடி தர மறுத்துவிட்டன. வேறு வழியில்லாமல் ஹார்விச்சில் கப்பல் ஏறி ஆன்ட்வெர்ப், பிரஸ்ஸல்ஸ், கொலோன், ரைன் நதி, ஹைடல்பெர்க், ஸ்ட்ராஸ்பர்க் என்று சுற்றி பாரிஸ் போனார். இன்று "ஐரோப்பா டூர்" என்று விற்கப்படும் பல ஊர் பயணத்தின் அச்சு இதுதான். அது பிறந்தது அழகுணர்ச்சியால் அல்ல, தள்ளுபடி கிடைக்காததால்! அந்தப் பயணத்தில் குக்குக்கு நஷ்டம்தான். ஆனால் வழி தெரிந்துவிட்டது.

1863-ல் பாரிஸ் வழியாக சுவிட்சர்லாந்து. அந்தக் குழுவில் போன யார்க்‌ஷயர் பெண் ஜெமைமா மொரெல் ஒரு நாட்குறிப்பு எழுதினார். விடிவதற்கு முன்பே எழுந்திருப்பது, நாள் முழுக்க நடப்பது, அடுத்த நாள் மீண்டும் அதேபோல. நிம்மதியாக உட்கார்ந்து பார்க்க நேரமே இல்லாத புரோகிராம். இந்தக் காலத்து ஐரோப்பா டூர்களைக் கிண்டல் செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். ஆனால் இன்னொன்றும் உண்டு. ஒரு பெண் கணவனோ தகப்பனோ இல்லாமல் தனியாக வெளிநாடு போவது பெரிய விஷயமாக இருந்த காலம் அது. குக் குழுவில் சேர்ந்தால் போகலாம். கூட்டமும் கறாரான நேரமும்தான் அந்தச் சுதந்திரத்துக்குக் கொடுத்த விலை. மலிவான விலை என்றே சொல்ல வேண்டும். அந்த நாட்குறிப்பு இரண்டாம் உலகப்போருக்குப் பின், குண்டுவீச்சில் இடிந்த லண்டன் கட்டடம் ஒன்றில் கிடைத்து, 1963-ல் புத்தகமாக வந்தது.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. இத்தாலியில் பிரிட்டிஷ் துணைத் தூதராக இருந்த நாவலாசிரியர் சார்லஸ் லீவர், 1865-ல் புனைபெயரில் குக் பயணிகளைத் தாக்கி எழுதினார். ஆஸ்திரேலியா கைதிகளை ஏற்க மறுத்ததால் இங்கிலாந்து அவர்களை இத்தாலிக்கு அனுப்புகிறது என்று அங்கே கதை கட்டிவிட்டாராம்! கோபத்தின் காரணம் வெளிப்படை. இதுவரை கனவான்கள் மட்டும் நின்ற இடத்தில் இப்போது கடை குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியையும் வந்து நிற்கிறார்கள்.

புரோகிராம் போடுவதில் அன்று பெரிய தலைவலி கடிகாரம். ஒவ்வொரு நாடும் தன் தலைநகர நேரத்தில் ரயில் விட்டது. கான்ஸ்டன்ஸ் ஏரியைச் சுற்றி மட்டும் ஐந்து விதமான நேரங்கள் இருந்தன. பிரான்ஸில் ஸ்டேஷன் வெளியே உள்ள கடிகாரத்தை விட உள்ளே உள்ள கடிகாரம் ஐந்து நிமிடம் மெதுவாக ஓடும், தாமதமாக வருகிறவர்களுக்குச் சலுகையாக. இதில் எல்லை தாண்டி ரயில் மாறுவது எப்படி? பிராட்ஷா 1847-லேயே ஐரோப்பிய ரயில் கால அட்டவணை போட்டிருந்தார். குக் கம்பெனி 1873-ல் தன் சொந்த அட்டவணையைக் கொண்டுவந்தது. ஜெர்மனி முழுக்க ஒரே நேரம் வந்தது 1893-ல்தான்.

குக்கின் சாமர்த்தியம் உண்மையில் தெரிவது ஹோட்டல் கூப்பனில். 1868-ல் வந்தது. பயணி லண்டனிலேயே பணம் கட்டி கூப்பன் வாங்கிக் கொள்வார். வெளிநாட்டு ஹோட்டலில் கூப்பனைக் கொடுத்தால் அறையும் சாப்பாடும் கிடைக்கும். ஹோட்டல்காரர் பிறகு அதைக் குக்கிடம் அனுப்பிப் பணம் வாங்கிக் கொள்வார். பயணிக்கு அந்நிய நாணயத் தொல்லை இல்லை, பேரம் இல்லை. ஹோட்டலுக்கு நிச்சயமான கூட்டம். குக்குக்கு? பணம் முதலில் வருகிறது, செலவு பிறகு போகிறது. நடைமுறை மூலதனத்தை வாடிக்கையாளரே கொடுத்து விடுகிறார். 1874-ல் அடுத்த படியாக நியூயார்க்கில் சர்க்குலர் நோட் வந்தது. டிராவலர்ஸ் செக்கின் முன்னோடி. 1881-ல் பம்பாயில் கிளை திறந்தார்கள்.

மற்றவை வேகமாக நடந்தன. 1938-ல் பிரிட்டனில் சம்பளத்தோடு விடுமுறைக்கான சட்டம் வந்தது. 1957-ல் அமெரிக்க வக்கீல் ஆர்தர் ஃப்ரோமர், ஒரு நாளைக்கு ஐந்து டாலரில் ஐரோப்பா பார்ப்பது எப்படி என்று புத்தகம் போட்டார். ஏஜென்ட் வேண்டாம், நீயே திட்டம் போடு என்றது அது. 1990-களில் ஐரோப்பிய நாடுகள் விமானப் போக்குவரத்தைத் தங்களுக்குள் திறந்துவிட்டன. 1995-ல் ஈஸிஜெட் பறக்க ஆரம்பித்தது. மலிவு டிக்கெட் வந்ததும் வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்பும் நகரச் சுற்றுலா சாதாரணமாகிவிட்டது. இணையம் வந்தபின் கூப்பன் வேலையைத் தனி மனிதனே செய்துகொண்டான்.

2019 செப்டம்பர் 23 அன்று தாமஸ் குக் கம்பெனி கடன் சுமையில் திவாலானது. அப்போது வெளிநாட்டில் மாட்டிக் கொண்ட பிரிட்டிஷ் பயணிகள் சுமார் 1,50,000 பேர். 1851-ல் லண்டன் போன அதே எண்ணிக்கை! அவர்களை பிரிட்டிஷ் அரசு விமானம் ஏற்பாடு செய்து ஊருக்குக் கொண்டுவந்தது. (இந்தியாவில் அதே பெயரில் உள்ள கம்பெனி 2012-லேயே வேறு கைக்கு மாறிவிட்டதால் தப்பியது.)

1873-ல் தொடங்கிய அந்த ரயில் அட்டவணையை மட்டும் கம்பெனி ஆறு வருடம் முன்பே, 2013 ஆகஸ்டில் நிறுத்தியிருந்தது. அதில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு சின்ன கம்பெனி தொடங்கி, 2014-ல் அதை மறுபடி அச்சில் கொண்டுவந்தார்கள்.