கொள்ளிடத்தின் நடுவே ஓர் ஊர்: அணைக்கரையும் கீழணையும்

சோழநாட்டு ஊர் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுந்தால் முதலில் கோயிலைத்தான் தேடுவோம். கல்வெட்டு இருக்கும், பதிகம் இருக்கும், தேரோடும் வீதியை வைத்தே ஊரின் வயதை ஓரளவு கணித்துவிடலாம். அணைக்கரைக்கு அந்த வழி உதவாது. கொள்ளிடத்தின் குறுக்கே 1836ஆம் ஆண்டு எழுந்த கீழணை பெற்றெடுத்த ஊர் இது. ஆகவே அணையின் கதையைச் சொல்லாமல் ஊரின் கதையைச் சொல்ல முடியாது.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியை விட்டுப் பிரியும் கொள்ளிடம், நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடி இங்கே வரும்போது இரண்டு கிளைகளாகப் பிரிந்து நடுவில் ஒரு திட்டை விட்டுச் செல்கிறது. அந்தத் திட்டில்தான் நம் கடைத்தெரு இருக்கிறது. வடகிளைக்கு ஓர் அணை, தென்கிளைக்கு ஓர் அணை, இரண்டின் மேலும் பாலம். தெற்கே இறங்கினால் திருப்பனந்தாள், கும்பகோணம் என்று நெல்லும் வாழையும் விளையும் வண்டல் பூமி. வடக்கே ஏறினால் மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம்; கொஞ்ச தூரத்திலேயே மண் சிவந்து முந்திரிக்காடு தொடங்கிவிடும். வடகிழக்கே காட்டுமன்னார்கோவில். தஞ்சாவூர், அரியலூர், கடலூர் மாவட்டங்கள் இங்கே ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. நன்செய்க்காரரும் புன்செய்க்காரரும் ஒரே தேநீர்க் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் ஊர் காவிரிப் படுகையில் அதிகம் இல்லை.

இங்கே அணை கட்ட வேண்டிய தேவை ஏன் வந்தது? காவிரியைவிடக் கொள்ளிடம் நேராக ஓடுவது, சரிவும் கூடியது. தண்ணீர் பள்ளத்தை நாடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் முகத்தில் மணல் மேடிட்டுக்கொண்டே போக, கொள்ளிடம் ஆழ்ந்துகொண்டே போயிற்று. ஆண்டுதோறும் ஆட்களை விட்டு மணலை வாரியும் பலனில்லை. தஞ்சைக்குப் போக வேண்டிய நீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. இதைத் தடுக்க முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் திட்டமிட்டவர் ஆர்தர் காட்டன்.

மேலணையால் தஞ்சை பிழைக்கும். ஆனால் கொள்ளிடத்தின் கடைப்பகுதியில் அந்த ஆற்றை நம்பியிருந்தவர்கள் என்ன ஆவார்கள்? தென்னார்க்காட்டின் தென்கோடியில், சிதம்பரத்தையும் காட்டுமன்னார்கோவிலையும் சுற்றியுள்ள வயல்களுக்குக் கொள்ளிடத்திலிருந்து நேரே பிரிந்த பழைய வாய்க்கால்களே பாசனம் தந்தன. மேலே அணை போட்டு ஆற்றில் நீர்மட்டம் இறங்கினால் வாய்க்கால் தலைப்புகளில் தண்ணீர் ஏறாது. அந்தக் குடியானவர்களுக்கு ஈடு செய்யவே கீழே இன்னோர் அணை வேண்டியிருந்தது. மேலணையும் கீழணையும் ஒரே 1836ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்பதற்குக் காரணம் இதுதான். இதை நான் கீழணையின் பெருமைகளில் முதலாவதாக வைப்பேன். மேலே எடுத்த தண்ணீருக்குக் கீழே பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த அணை இது. ஆற்றுநீர் வழக்குகளில் நாம் இன்றும் மன்றாடிக் கேட்பது அந்த ஒரு நியாயத்தைத்தான்.

1803இல் பிறந்த காட்டனுக்கு அப்போது வயது முப்பத்து மூன்று. கோதாவரியின் தவளேஸ்வரம் அணை அவருக்குப் பெரும்புகழ் தந்தது பின்னால்தான். அதற்கான பயிற்சி கொள்ளிடத்தில் கிடைத்தது. ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையிடமிருந்தே கற்றுக்கொண்டதாக அவர் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த அணையின் பாடம்தான் இங்கே கீழணையிலும் இருக்கிறது. காட்டனைக் கொண்டாடும்போது பெயர் தெரியாத அந்தப் பழைய கொத்தர்களையும் சேர்த்துக் கொண்டாடுவதே முறை.

பெருமையோடு ஒரு துயரமும் சேர்ந்திருக்கிறது; இது விழா மலர்க் கட்டுரை என்பதற்காக அதை மறைப்பது சரியல்ல. அணை கட்டக் கல் வேண்டியிருந்தது. வடக்கே சில கல் தொலைவில் இராசேந்திர சோழனின் கங்கைகொண்ட சோழபுரம் இருந்தது. அந்தப் பெருங்கோயிலின் மதிற்கல்லைப் பெயர்த்துக் கொண்டுவந்து கீழணைக்குப் பயன்படுத்தினார்கள். ஊர்மக்கள் தம்மால் முடிந்தவரை எதிர்த்தார்கள். கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாக வாக்குக் கொடுக்கப்பட்டது. அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை என்று 1855இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மதிலோடு எத்தனை கல்வெட்டு வரிகள் போயினவோ! 2004இல் அக்கோயில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தது. அதைப் பார்க்கப் போகும் அணைக்கரைப் பிள்ளைகளுக்கு, தங்கள் அணையின் உடம்பில் அந்தக் கோயிலின் கல்லும் இருக்கிறது என்று ஆசிரியர்கள் சொல்லித்தர வேண்டும். நமது வயல்கள் குடித்த தண்ணீரில் சோழபுரத்துக்கு நாம் பட்ட கடனும் கலந்திருக்கிறது.

கீழணையில் தேக்கும் தண்ணீரின் உயரம் ஒன்பது அடிதான். மேட்டூரோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் இது நீரைச் சேமித்து வைக்கப் பிறந்த அணை அல்ல, பங்கிட்டு அனுப்பப் பிறந்தது. வடகரையில் வடவாறும் வடக்கு ராஜன் வாய்க்காலும், தென்கரையில் தெற்கு ராஜன் வாய்க்காலும் குமுக்கி மண்ணியாறும் இதன் தலைமதகுகளிலிருந்து புறப்படுகின்றன. கடலூர், மயிலாடுதுறை, தஞ்சாவூர் மாவட்டங்களில் ஒரு லட்சம் ஏக்கருக்கும் மேல் பாசனம். மதகு திறக்கும் நாளில் விவசாயிகள் பூவும் நெல்லும் தூவி வணங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒன்பது அடியின் மதிப்பு தெரியும்.

வடவாறு போய்ச் சேரும் இடம் வீராணம் ஏரி. முதலாம் பராந்தகன் காலத்தில் அவன் மகன் இராசாதித்தன் வெட்டியதாகச் சொல்லப்படும் அந்த ஏரிதான் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடங்கும் இடம். வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று அதன் கரையில் குதிரையில் வருகிறான். பிறகு கொள்ளிடத்தை ஓடத்தில் கடந்து குடந்தைக்குப் போகிறான். அணை இல்லாத காலத்தில் அதுதான் எல்லோருக்கும் வழி. வெள்ளக் காலத்தில் ஓடம், கோடையில் மணலில் நடை. 2004இல் புதிய வீராணம் திட்டம் நிறைவேறிய பிறகு சென்னைக்குக் குடிநீரும் அந்த ஏரியிலிருந்து போகிறது. தலைநகரில் குழாயைத் திறக்கிறவர்களில் எத்தனை பேருக்கு, அந்தத் தண்ணீருக்கு அணைக்கரையில் கதவு திறக்கிறார்கள் என்பது தெரியும்?

இனி கடவைக்கு வருவோம். தண்ணீரைத் திருப்பக் கட்டிய அணையின் மேலேயே சாலையும் அமைந்தபோது, ஓடத்துறை எதற்கும் இல்லாத யோகம் இந்தத் திட்டுக்கு வந்தது. ரயில் பாதை நம்மைத் தொடவில்லை. சிதம்பரம், சீர்காழி, மயிலாடுதுறை என்று கிழக்கே போய்க் கொள்ளிடத்தைக் கீழே கடந்து கும்பகோணத்துக்குத் திரும்பிவிட்டது. அதனால் அணைக்கரை முழுக்க முழுக்கச் சாலையை நம்பிய ஊரானது. சென்னையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் போகும் பேருந்துகளும் லாரிகளும் இந்த ஒடுக்கமான பாலத்தின் வழியாகத்தான் போயின. ஒரு பக்கத்து வண்டிகள் ஏறினால் மறுபக்கம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் தேநீர்க் கடைகளும் பழக் கடைகளும் மீன் வியாபாரமும் வளர்ந்தன.

மீன் என்றதும் நினைவுக்கு வருகிறது. கடலிலிருந்து முட்டையிட ஆறேறி வரும் உல்லம் மீனுக்கு இந்த அணை தடையாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையினர் கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டைகளைச் செயற்கையாகக் கருவுறச் செய்து பார்த்தார்கள். இந்திய மீன்வள ஆய்வின் தொடக்க அத்தியாயங்களில் நம் ஆறும் இருக்கிறது.

வண்டிகளின் எடை கூடக்கூடப் பாலம் தளர்ந்தது. கனரக வண்டிகளுக்குத் தடை வந்தபோது நீலத்தநல்லூர் – மதனத்தூர் பாலம் வழியாகச் சுற்றிப் போனார்கள். கடைத்தெருவுக்கு அது கடினமான காலம். 2018 ஆகஸ்டு 22ஆம் தேதி இரவு, மேலணையின் 45 மதகுகளில் 9 இடிந்து விழுந்தபோது இந்த ஊர் பயந்ததிலும் நியாயம் இருந்தது, ஏனெனில் இரண்டும் ஒரே வயது. முக்கொம்பில் பிறகு புதிய கதவணை கட்டப்பட்டது. விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நான்குவழிச் சாலைக்காக நமது பக்கத்திலும் கொள்ளிடத்தின் மேல் புதிய பாலம் வந்திருக்கிறது. ஆற்றைக் கடக்கும் வேலையைப் புதிய பாலம் எடுத்துக்கொள்ளும். தண்ணீரைப் பங்கிடும் வேலையைப் பழைய அணைதான் செய்தாக வேண்டும். அதன் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் தவறாமல் பணம் ஒதுக்கும்படி கேட்கும் குரல் இந்த ஊரிலிருந்துதான் எழ வேண்டும்.

2036இல் கீழணைக்கு இருநூறு வயது நிறைகிறது. அதற்குள் செய்ய வேண்டியவை சில உண்டு. வீட்டுப் பரணில் இருக்கும் பழைய நிழற்படங்கள், வாய்க்கால் முறைப் பாசனக் குறிப்புகள், வெள்ள ஆண்டுகளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் செய்திகள் ஆகியவற்றைத் திரட்டிப் படியெடுத்து ஊர்ப் பள்ளி நூலகத்தில் வைப்போம். அணையருகே ஒரு கல் நட்டு, அதில் காட்டன் பெயரோடு கங்கைகொண்ட சோழபுரத்தின் மதிலையும், மணலில் இறங்கி உழைத்த கூலியாட்களையும் குறிப்பிடுவோம். படமோ குறிப்போ வைத்திருப்பவர்கள் விழா நாளிலேயே மலர்க் குழுவினரிடம் கொண்டுவந்து காட்டுங்கள். படியெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடலாம்.